பாவம் என்றொரு தோஷம்

திண்டுக்கல்லுக்கும் ஆத்தூருக்கும் இடையே மினிபஸ் ஓட்டிய ஆண்டனிராஜைத் தெரியாதவர்கள் அந்தச் சாலையில் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு நாள் அவரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். கை காட்டிய இடத்தில் எல்லாம் வண்டியை நிறுத்துகிற ஆள் இல்லை அவர். நிறுத்தம் என்றால் நிறுத்தம். நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டு கையை ஆட்டுகிறவனைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருத்திக்காக மட்டும் தினமும் வண்டியை நிறுத்தி வைத்தார். அவள் மரியசெல்வி. ஆத்தூரிலிருந்து திண்டுக்கல்லில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் போதும், டயரில் காற்று பார்க்கிற சாக்கில் இறங்கி நிற்பார். டயர் பாவம், ஒரு வருஷம் உதை வாங்கியது. அப்புறம்தான் மனிதருக்குப் பெண் கேட்டு வரத் தைரியம் வந்தது.

கல்யாணமாகி இருபது வருஷம் ஓடிப்போயிற்று. மகள் அனிஷா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். கணவனும் மனைவியும் திண்டுக்கல்லில் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். மரியசெல்விக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே மனக்குறை, அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பிரியாணியும் சாப்பிட்டால் அதற்குப் பிறகு வீடு தங்குவதில்லை என்பதுதான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் பகடை உருட்டப் போனார்.

அதைக் கொண்டுவந்தவள் எதிர்வீட்டு சுகன்யா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கொரோனா காலத்தில் ஊருக்கு வந்தவள் அப்படியே வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டாள். பெங்களூரில் பழகிய ஒரு விளையாட்டை இங்கே ஆட ஆள் இல்லாமல் தவித்து, தம்பி முகேஷ்குமாரை இழுத்தாள், மொபைல் கடை ரஃபீக்கை இழுத்தாள், வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த ஆண்டனிராஜையும் இழுத்தாள். ரஃபீக் கடை மாடியில் ஆட்டம்.

காய் இல்லை, கட்டம் இல்லை. ஒருத்தர் கதை சொல்லிக்கொண்டே போக வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். சுவர் ஏறுவதோ வாள் வீசுவதோ, எதுவானாலும் நடக்குமா நடக்காதா என்று பகடைதான் தீர்ப்புச் சொல்லும். அந்தப் பகடைக்கு இருபது முகம். பெரிய எண் விழுந்தால் காரியம் கைகூடும், சின்ன எண் விழுந்தால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். இருபதே விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்த சொல்லையெல்லாம் சுகன்யா தமிழாக்கினாள். கதை நடத்துகிறவளுக்கு நடத்துநர் என்று அவள் பேர் வைத்ததும் ஆண்டனிராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருபது வருஷமாக நடத்துநர் விசிலுக்கு வண்டி ஓட்டியவர், இங்கேயும் வந்து அதே பிழைப்பா என்றார். அவருடைய பாத்திரம் ஒரு குதிரை வண்டிக்கார வீரன். பேர் இடிமுழக்கன். பேரைக் கேட்டாலே அவர் அடிக்கிற ஹார்ன் ஞாபகம் வரும்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு, இந்தக் கதைக்கே அதுதான் அச்சாணி. பாத்திரத்துக்கு விஷம் ஏறலாம், பயம் பிடிக்கலாம், கண் தெரியாமல் போகலாம், அசதி மேல் அசதி படிப்படியாக ஏறலாம். இந்த நிலைமைகளுக்கெல்லாம் சேர்த்துச் சுகன்யா வைத்த பேர் தோஷம். தோஷம் பிடித்தவன் ஒற்றைப் பகடையை உருட்டக் கூடாது. இரண்டு பகடையை உருட்டி, இரண்டில் சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பேர் தாழ்வு. நிவர்த்தி ஆகும்வரை அவன் எது செய்தாலும் தாழ்வோடுதான் செய்ய வேண்டும்.

ஒரு தடவை விஷம் ஏறியிருந்த ரஃபீக், இரண்டு பகடையை உருட்டிவிட்டு நாலைக் கைக்குள் மறைத்துப் பதினேழைக் காட்டினான். ஆண்டனிராஜ் பார்த்துவிட்டார். அன்று முழுக்க அவனிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. "விசம் ஏறுனவன் விசம் ஏறுனவனா ஆடணும்லே. அதுக்கு முடியாதுன்னா எந்திரிச்சுப் போயி டிவியப் பாரு" என்று மட்டும் சொன்னார். இதை அவரே வீட்டில் வந்து சொல்ல, இருபது வயசுப் பையனுக்குச் சமமாகச் சண்டை போடுகிறாரே இந்த மனிதர் என்று மரியசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த மனிதருக்குத்தான் கால் வீங்க ஆரம்பித்தது. சர்க்கரை இருந்தது, அதைச் சட்டை செய்யவில்லை. முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி வாங்கி விழுங்கிய மாத்திரை வேறு. முகமும் உப்பி, படி ஏறினால் மூச்சு வாங்கி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டாச்சு என்றார்கள். மரியசெல்வி தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, அவளுக்கே சர்க்கரை தொடங்கியிருக்கிறது, கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. உப்பில்லாத வெஞ்சனம், அளந்து தருகிற தண்ணீர். சின்ன டம்ளரில் அவள் தண்ணீர் நீட்டும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார், அவளும் பார்க்க மாட்டாள். கேட்டால் இன்னொரு வாய் கொடுத்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அது அவருக்கு நோயை விடப் பெரிய அடி. ஆனால் அதைவிடவும் அவரை அரித்தது ஒரு சொல். பாவம். டீக்கடையில் பாவம், கோயில் வாசலில் பாவம், அவர் ஓட்டிய அதே மினிபஸ்ஸில் ஏறினால் அவரிடம் திட்டு வாங்கியவனே எழுந்து, பாவம் உட்காருங்கண்ணே என்று இடம் கொடுத்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டு ஆட்டோவில் போனார்.

மாடி ஏற முடியாது என்றாகிவிட்டதால் ஆட்டம் அவர் வீட்டுக்கே வந்தது. முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் மரியசெல்வி முதல்முறையாக அந்த விளையாட்டைக் காதால் கேட்டாள். அடுப்படியில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் சுகன்யாவின் குரல் கணீரென்று சொல்லிற்று: "ஆண்டனிண்ணனுக்கு அசதி தோஷம், மூணாம் படி." அவள் கத்தியை அப்படியே வைத்துவிட்டாள்.

ஜாதகம் பார்க்கிற வீடு இல்லை அது. தோஷம், பரிகாரம் என்று யாராவது பேசினால் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறவள் அவள். ஆனாலும் நோயாளி இருக்கிற வீட்டில், அவர் பேரைச் சொல்லி, தோஷம் என்று ஒரு வாய் சொல்லலாமா? வாய்முகூர்த்தம் பலித்துவிட்டால்? அந்தப் பிள்ளைகள் ஆண்டனிண்ணன் என்று சொன்னது இடிமுழக்கனைத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்தச் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் நாற்காலியில் ரத்த அழுத்தம் இறங்கி அவர் மயங்கிச் சரிந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அசதி மூணாம் படி என்று சொன்னாள், சரிந்துவிட்டார் என்றுதான் அவள் மனசு கணக்குப் போட்டது.

அவருக்குத் தெரியாமல் எதிர்வீட்டுக்குப் போனாள். சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, அவரு மேல மட்டும் தோசம் எதுவும் ஏத்தாத. வெளையாட்டுக்குக் கூட வேணாம். பாவம் கண்ணு அந்த மனுசன்."

சுகன்யா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். தோஷம் பாத்திரத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை, வேண்டுமானால் பேரை மாற்றிவிடுகிறேன் என்றாள். எந்தப் பேர் வைத்தால் என்ன, அவர் மேல் விழக் கூடாது என்று மரியசெல்வி அழுதாள். பெரியவள் ஒருத்தி எதிரில் நின்று அழும்போது அந்தப் பெண்தான் என்ன செய்வாள்? சரி மதினி என்று தலையாட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து சுகன்யா, பாம்புக்கும் பேய்க்கும் சேர்த்துத் தான் உருட்டுகிற பகடையை, ஒரு பெரிய கல்யாணப் பத்திரிகை அட்டையை நிறுத்தி வைத்து அதற்குப் பின்னால் உருட்டினாள். பாம்பு ரஃபீக்கைக் கடித்தது, முகேஷைக் கடித்தது, இடிமுழக்கனைக் கடிக்க வந்தபோது மட்டும் குறி தவறியது. பேய் எல்லாரையும் பயமுறுத்தியது, இடிமுழக்கன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அடுப்படியில் மரியசெல்வி மாதாவுக்கு நன்றி சொன்னாள். அந்த மாதம் ஆஸ்பத்திரியிலும் மயக்கம் வரவில்லை. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று பைத்தியக்காரி நம்பிவிட்டாள்.

ஆனால் அவர் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் ஞாயிறு காலையில் ஷேவ் செய்து, சட்டை மாற்றி, பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே மேசையைத் துடைத்து வைப்பார். இப்போது தாடியோடே உட்கார்ந்திருந்தார். இடிமுழக்கன் ஜெயிக்க ஜெயிக்க இவர் குரல் தேய்ந்தது. ஒரு ஞாயிறு, தலைவலி என்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். மறு ஞாயிறும் அதையே சொன்னார். மரியசெல்விக்குச் சந்தேகம் தட்டியது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஏன் ஆட்டம் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டாள்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு வர்ற பாம்பு மட்டும் பல்லுப் புடுங்குன பாம்பா வருது செல்வி. தெரியாதா எனக்கு? துண்டு கீழ விழுந்துச்சுன்னு குனிஞ்சேன். ஓரமாப் பாத்தா அட்டைக்குப் பின்னாடி பத்தொம்பது கெடக்கு. அந்தப் புள்ள ஆறுன்னு சொல்லுது."

அவர் நிறுத்தவில்லை.

"ஊரே என்னயப் பாவம்ங்குது. சொல்லிட்டுப் போறாய்ங்க. அந்த மேசையில மட்டுந்தான் நான் ஒரு ஆளா இருந்தேன். கடிச்சா எனக்கும் விசம் ஏறும், விழுந்தா எனக்கும் அடிபடும். தோசத்துக்காச்சும் தாழ்வு உண்டு, நெவர்த்தி உண்டு. பாவம்ங்கிறதுக்கு என்ன நெவர்த்தி இருக்கு, சொல்லு. நான் இன்னும் சாகலை. அதுக்குள்ள அங்கயும் எடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாய்ங்க."

இருபது வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்று கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிற்று. துடைக்கக் கை எடுக்கவில்லை அவர். நான்தான் சொன்னேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை நெஞ்சு லேசாகியிருக்கும். அவள் எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டாள். அவர் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரை உயிரோடு மேசையிலிருந்து இறக்கிவிட்டோமே என்று வயிறெரிந்தது. ஆனால் மறுபடி தோஷத்தை ஏற்றச் சொல்வதா? ஏற்றிய மறுநாள் அவர் சரிந்தால்? இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பூசைக்குப் போய்விட்டு வரும் வழியில் நேராக எதிர்வீட்டு வாசலில் நின்றாள்.

"சுகன்யா, அட்டையைத் தூக்கிப் போட்டுரு. எல்லாருக்கும் உள்ளது அவருக்கும்."

சுகன்யா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மதினி நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா என்று கேட்டாள். மரியசெல்வி தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு அவருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை. முந்தின நாள் டயாலிசிஸ். கை கால் எல்லாம் கொக்கி போட்டு இழுத்தது. ஆனாலும் சுகன்யா வந்து மேசையில் உட்கார்ந்து, அட்டை இல்லாமல், எல்லார் கண் முன்னாலும் பகடையைப் போட்டபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, செல்வி, அந்த ரேசரை எடு என்றார். பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டு ஷேவ் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார் மனிதர்.

கதையில் ஒரு கயிற்றுப்பாலம். கீழே பாதாளம், பின்னால் துரத்திவரும் கூட்டம். பாலத்தின் ஒரு கயிறு அறுந்துவிட, யாராவது ஒருத்தன் அறுந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மற்றவர்கள் கடக்கலாம். இடிமுழக்கன் பிடித்தான். பாறை இடுக்கிலிருந்து பாம்பு வந்தது. சுகன்யா பகடையை உருட்டினாள். பதினெட்டு. அவள் கண் ஒரு கணம் அடுப்படிக் கதவைத் தேடிற்று. அங்கே மரியசெல்வி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலையசைத்தாள்.

"கடிச்சிருச்சுண்ணே. விஷ தோஷம். கயித்தை விடாம இருக்கணும்னா பன்னெண்டு வேணும். தாழ்வோட உருட்டுங்க."

ஆண்டனிராஜ் இரண்டு பகடையைக் கையில் எடுத்தார். விரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டன. பகடை நழுவி மேசையில் அப்படியே விழுந்தது, உருளவில்லை. இன்னொரு தடவை எடுத்தார். முடியவில்லை. ரஃபீக் நான் உருட்டுகிறேன் என்று கை நீட்டினான். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, "செல்வி, இங்க வா. எனக்காக நீ உருட்டு" என்றார்.

அந்த மேசையை அவள் தொட்டதே இல்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பகடையையும் கைக்குள் குலுக்கினாள். மாதாவே, மாதாவே என்று வாய்க்குள் முனகிக்கொண்டு போட்டாள்.

ஒன்று சுழன்று நின்றது. இருபது. மற்றது மேசை விளிம்புவரை ஓடி, தண்ணீர் டம்ளரில் முட்டி நின்றது. மூன்று.

முகேஷ் குனிந்துகொண்டான். ரஃபீக், அன்றைக்கு நாலை மறைத்துத் திட்டு வாங்கியவன்தான், அவளுக்கு வழி செய்து கொடுத்தான். "அது டம்ளர்ல முட்டிருச்சு மதினி. செல்லாது. அந்த ஒண்ணை மட்டும் மறுபடி உருட்டுங்க" என்றான். சுகன்யாவும் மறுக்கவில்லை. நடத்துநரே மறுக்கவில்லை என்றால் அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்? இருபது அங்கேயே கிடந்தது. கையை நீட்டி எடுத்துக்கொண்டால் போதும், அவர் விழ மாட்டார். இடிமுழக்கன் என்ன, அவரே விழ மாட்டார் என்றுதான் அவள் மனசு அந்த நிமிஷம் அடித்துச் சொல்லிற்று. மூன்று என்று தன் வாயால் சொன்னால் அந்தச் சொல் அவர் மேல் போய் உட்காரும் என்று பயந்தாள்.

அவர் பகடையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாங்கும்போதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"உருட்டுனது உருட்டுனதுதான்" என்றாள் மரியசெல்வி. "மூணு."

இடிமுழக்கனின் கை நழுவியது. மற்ற இருவரும் அக்கரை சேர்ந்துவிட்டார்கள், அவன் பாதாளத்தில் போனான். ஆண்டனிராஜ் மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பழைய ஹார்ன் குரலில் சிரித்தார், சிரித்து இருமினார், இருமிக்கொண்டே ரஃபீக்கைப் பார்த்து, என் ஆளைப் பாம்பு கொல்லவில்லை, என் பொஞ்சாதிதான் கொன்றாள், உனக்கெல்லாம் வருமாலே இந்த நேர்மை என்றார். அன்று உப்பில்லாத சோற்றைக் குறை சொல்லாமல் தின்றார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ஊசி குத்த வந்த நர்சிடமும், பக்கத்து நாற்காலிக்காரரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பாத்திரம் ஒரு திருடன் என்று முடிவு பண்ணியிருந்தார். பேர்தான் அமையவில்லை. குளிக்கும்போது ஒரு பேர், தூங்கப் போகும்போது ஒரு பேர் என்று அவளைப் பிடுங்கி எடுத்தார். மூன்று வாரம் அந்த வீட்டில் பழைய ஆண்டனிராஜ் இருந்தார்.

நாலாவது வாரம், டயாலிசிஸ் நாற்காலியிலேயே இதயம் நின்றுவிட்டது. அனிஷா திருச்சியிலிருந்து வந்து சேர்வதற்குள் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டார்கள். ஆத்தூர் சாலையில் அன்று மினிபஸ்கள் கல்லறை வாசலில் நின்று ஹார்ன் அடித்துவிட்டுப் போயின. வந்தவர்கள் எல்லாரும் பாவம், பாவம் என்றார்கள். மரியசெல்வி யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிற்பாடு சுகன்யா வந்தாள். நான் அந்தப் பேரே வைத்திருக்கக் கூடாது மதினி, தோஷம் என்ற சொல்லே என் வாயில் வந்திருக்கக் கூடாது என்று அழுதாள். படித்த பெண், அவளுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் புகுந்திருந்தது. அழுகைக்கு நடுவே கேட்டாள்.

"அன்னைக்கு ரஃபீக் சொன்னப்பவே அந்த இருபதை எடுத்திருக்கலாமே மதினி. எடுத்திருந்தா..."

மரியசெல்வி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். தனக்கும் துடைத்துக்கொண்டாள். முப்பது நாளாக அவளும் அதே கேள்வியோடுதான் படுத்து எழுந்திருந்தாள்.

"எடுத்திருந்தா, அன்னைக்கே செத்திருப்பாரு கண்ணு."